பழைய தேயிலை நிலத்தின் மண்ணைப் பரிசோதித்தல்

மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பகுதிகளில் தேயிலை அகற்றப்பட்ட சரிவுகளிலே போஞ்சி, கோவா, தக்காளி முதலியன பயிரிடுவோர் பலர். இத்தகைய நிலத்தில் நாற்று வேரோடாது குறுகி நின்று, இளம் இலை வெளிறுமாயின், கமக்காரர் சத்துக் குறைவென எண்ணி இன்னும் ஒரு பை பசளை இடுவர். காரணம் சத்துக் குறைவாகவும் இருக்கலாம். ஆனால் மண்ணின் புளிப்போ, அதில் தங்கிய செம்போ காரணமாயின், பசளைக்குக் கொடுத்த பணம் வீணே. இவற்றைக் கண்ணால் பார்த்து வேறுபடுத்தல் அரிது.

செம்பு எங்ஙனம் வந்தது? 1946ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலையிலே கொப்புள நோய் தோன்றியது. அதனை அடக்கச் செம்பு சேர்ந்த மருந்துகள் பல்லாண்டுகள் தெளிக்கப்பட்டன. இலையினின்று மழை கழுவிய செம்பு மேல்மண்ணின் மட்கோடு இறுகப் பிணைந்துகொள்ளும்; உக்கி அழிவதில்லை. தேயிலைக்கு உகந்த பீ.எச். 4.5 முதல் 5.5 வரையாகும். அப்புளிப்பு மண்ணில் செம்பு வேருக்கு எளிதில் எட்டும்.

பொசுபேற்றுப் பசளையோடு சிறிதளவு கட்மியமும் நிலத்தைச் சேர்வதுண்டு. ஒரு கிலோகிராமில் 20 மில்லிகிராம் கட்மியமுள்ள பசளையாயின், 50 கிலோகிராம் பையொன்றில் ஒரு கிராம் அடங்கும். அளவு அற்பமே, எனினும் போகந்தோறும் சேரும். யப்பானின் ஜின்சூ ஆற்றுப் பாய்ச்சல் வயல்களில் சுரங்கக் கழிவின் கட்மியம் நெல்லில் ஏறி, உண்டோரின் எலும்பையும் சிறுநீரகத்தையும் கெடுத்தது. 1968இல் அந்நாட்டரசு அதனை மாசினால் வந்த நோயென ஏற்றது. நம் வயல்கள் அந்நிலையில் உள்ளன என்பதன்று. கட்மியம் அரிசி வழியே மனிதரை அடையும் என்பதற்கே இதனைக் கூறினோம். நீர் தேங்கி நிற்கும் வயலில் கட்மியம் பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும். கதிர் முற்றுமுன் நீரை வடித்து வயலை உலரவிட்டால் பயிர் அதனை மிகுதியாக ஏற்கும்.

இனி மாதிரி எடுக்கும் முறை. ஓர் ஏக்கரின் மேல் ஆறு அங்குல மண் ஏறக்குறைய 20 இலட்சம் இறாத்தல் நிறையுடையது. ஆய்வுகூடத்தில் அமிலத்தில் கரைக்கப்படுவதோ அரைக் கிராம் அளவே. மாதிரி பிழைத்தால் எத்துணைச் சிறந்த கருவியும் அப்பிழையைத் திருத்தாது. ஆதலின் வரம்பு, பாதை, எருக்குழி, மரநிழல், மருந்து கலக்கும் இடம் ஆகியவற்றை விலக்குக. சரிவின் மேற்பகுதியையும் அடிப்பகுதியையும் ஒன்றாகக் கலவாது தனித்தனி மாதிரியாக எடுக்க. ஒவ்வொன்றிலும் குறுக்கும் மறுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களிலே புல்லை நீக்கி, ஆறு அங்குல ஆழத்துக்கு மண்வெட்டியால் வெட்டி, குழியின் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே தடிப்பான மண்சீவலை எடுத்துப் பிளாஸ்ரிக் வாளியில் இடுக. நாகம் பூசிய வாளி உதவாது. நன்கு கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை நீக்குக. அரைக் கிலோ எஞ்சும்வரை இவ்வாறே செய்து நிழலில் உலர்த்துக. பசளைப் பையிலேயே மண்ணைக் கட்டிவருவோர் இன்றும் உளர். அம்மாதிரி காட்டுவது பையின் பசளையையே அன்றி நிலத்தின் நிலையை அன்று.

ஆய்வுகூடத்தில் மண்கரைசல் அணு உறிஞ்சல் மானியின் சுவாலையில் செலுத்தப்படும். ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய ஒளியையே உறிஞ்சுமாதலால், உறிஞ்சிய அளவைக்கொண்டு உலோகத்தின் அளவு கணிக்கப்படும். 1955இல் அவுஸ்திரேலியாவில் அலன் வோல்ஷ் என்பார் வெளியிட்ட முறை இது. மண் சேராத வெற்றுக் கரைசலையும் உடன் சோதிப்பர். அமிலத்திலோ பாத்திரத்திலோ இருந்த மாசு மண்ணின் கணக்கில் ஏறாதிருத்தற்பொருட்டு. பொசுபரசை ஒல்சன் முறைப்படி நீலநிறத்தின் செறிவால் அளப்பர். கிருமிநாசினி எச்சத்துக்கு இம்மாதிரி பயன்படாது. அதற்குக் கண்ணாடிச் சாடியும் குளிரூட்டலும் வேண்டும். எம்மருந்து தெளித்தீர் என்பதையும் முன்னரே சொல்லுதல் வேண்டும்.

அறிக்கையில் உலோகத்தின் மொத்த அளவு, பயிர் ஏற்கத்தக்க அளவு என இரண்டு தரப்பட்டிருப்பின், பயிருக்கு முதலில் நோக்கத்தக்கது பின்னதே. புளிப்பு மிகுந்திருப்பின் விதந்துரைத்த அளவு டொலமைற்று இடுக. செம்பு அதனால் மறையாது. வேருக்கு எட்டாதவாறு பிணைக்கப்படும். அமோனியப் பசளையுடன் அதனைச் சேர்த்து இடலாகாது. நைதரசன் ஆவியாய்ப் போகும். பொசுபரசு போதியதாயின் முச்சுப்பர் பொசுபேற்றை அப்போகத்தில் நிறுத்தலாம். செலவும் குறையும், கட்மியமும் சேராது.

மாதிரியுடன் நிலத்தின் முன்னைப் பயிர், இட்ட பசளை, தெளித்த மருந்து ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கையளிக்க.