ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் போதுமா?

ஆழ்வார்பேட்டை அலுவலகம் ஒன்றில் முதலுதவிப் பயிற்சி பற்றிப் பேச்செடுத்தால், "காவேரி ஆஸ்பத்திரி இதோ டி.டி.கே. சாலையிலதானே இருக்கு?" என்ற பதில் வர அதிக நேரம் ஆகாது. இருக்கிறதுதான். ஆனால் இதயத்துடிப்பு நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். முதலுதவியும் மின் அதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. 108 வண்டி மேம்பாலத்தையும் சிக்னலையும் தாண்டி வாசலுக்கு வந்து, ஊழியர்கள் நான்காவது மாடிக்கு ஏறி வரும்வரை, விழுந்தவருக்குத் துணை பக்கத்து மேசைக்காரரின் இரண்டு கைகள்தான்.

"இதெல்லாம் ஃபேக்டரிக்குத்தான்" என்பது அடுத்த நம்பிக்கை. 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளர் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்ததில் வேரூன்றிய எண்ணம் இது. ஆனால் 2024 மார்ச் 28 அன்று இதே ஆழ்வார்பேட்டையின் சேமியர்ஸ் சாலையில் மதுக்கூடம் ஒன்றின் மேற்கூரை இடிந்து, அங்கே வேலை பார்த்த மூவர் இறந்தார்கள். அவ்வளவு பெரிய விபத்துதான் நேர வேண்டும் என்றில்லை. மதியச் சாப்பாட்டில் ஒரு கவளம் தொண்டையில் அடைத்துக்கொண்டாலே போதும்.

"போன வருஷமே எல்லாருக்கும் சர்டிஃபிகேட் வாங்கியாச்சு." இந்த நிம்மதிதான் ஆபத்தானது. சான்றிதழ் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், சி.பி.ஆர். செய்யும் திறனோ மூன்று முதல் ஆறு மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடுகிறது. நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பதைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த ஆழத்துக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது தரையில் மண்டியிட்டுப் பயிற்சிப் பொம்மையை அழுத்தும்போதுதான் கைக்குப் புரியும். ஆண்டுக்கொரு முழுநாள் சொற்பொழிவைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால் மணி நேரப் பொம்மைப் பயிற்சி மேல்.

தயக்கங்களையும் பயிற்சி வகுப்பிலேயே பேசித் தீர்க்க வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமோ என்று கூசுபவர்கள் பலர். பொதுமக்கள் நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்ற எளிய முறையை இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017-லேயே வகுத்துத் தந்துவிட்டார்கள். விலா எலும்பு முறியலாம், உண்மைதான். அதற்காக அழுத்துவதை நிறுத்தக் கூடாது. விழுந்தவர் பெண் என்றாலும் கை தயங்கக் கூடாது.

வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிப்பது நம்மூரில் இன்னும் சாகவில்லை. இரும்பு வலிப்பை நிறுத்துவதில்லை. வலிப்பு தானாக அடங்கும் நேரத்தில் சாவி பெயர் வாங்கிக்கொள்கிறது. தலைக்கு மெத்தென்று எதையாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. தீக்காயத்தில் பற்பசையும் மாவும் பூசுவது, நெஞ்சுவலியை 'கேஸ்' என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுப்பது இரண்டும் இதே ரகம். காயத்துக்கு 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், நெஞ்சுவலிக்கு உடனே ஆம்புலன்ஸ். "உங்க வீட்டில் என்ன செய்வீங்க?" என்று கேட்டுத் தொடங்கும் பயிற்சியாளரால்தான் இந்த நம்பிக்கைகளை வெளியே இழுக்க முடியும்.

"இரண்டு பேர் கற்றால் போதும்" என்பதும் தவறு. டென்மார்க்கில் 2005 முதல் பள்ளிகளிலும், 2006 முதல் ஓட்டுநர் உரிமம் பெறவும் சி.பி.ஆர். பயிற்சி கட்டாயமானது. மாரடைப்பு போன்றவற்றால் இதயம் நின்றவர்களுக்கு அருகிலிருந்தவர்களே சி.பி.ஆர். செய்தது 2001-இல் 21 சதவீதம், 2010-இல் 45. இதே காலத்தில் 30 நாள் தாண்டி உயிரோடிருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 ஆனார்கள். நம் அலுவலகங்களிலோ, காலையில் முதலில் கதவைத் திறக்கும் செக்யூரிட்டி அண்ணனும், பான்ட்ரியில் கொதிக்கும் பாலோடு நிற்கும் அக்காவும் ஒப்பந்தப் பணியாளர்கள் என்பதால் பயிற்சிப் பட்டியலிலேயே இருப்பதில்லை. அடுத்த வகுப்பில் முதல் இரண்டு இடங்கள் அவர்களுக்குத்தான் தரப்பட வேண்டும்.