நத்தார் வீட்டில் நாயும் பனியும்: சில பயனுள்ள குறிப்புகள்

ரொறொன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் எங்கள் ஆட்களின் வீடுகளில் நாய் வளர்ப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. ஆசைப்பட்டுக் கேட்பது பிள்ளைகள். பார்ப்பது அம்மாவும் அப்பாவும், சில வீடுகளில் அம்மம்மாவும். ஊரில் நாய்க்கு முற்றமும் வேலியும் இருந்தன. இங்கே அது எங்களோடு ஒரே கூரையின் கீழ், பல வீடுகளில் ஒரே சோபாவில். நத்தார் வந்ததும் அந்த வீட்டுக்குள் ஒரு மரம் வருகிறது, புதுப்புது மணங்கள் வருகின்றன, தெரியாத ஆட்கள் வருகிறார்கள். வெளியே பனி கொட்டிக் கிடப்பதால் ஓடித் திரியும் நேரமும் குறைகிறது. அந்த நாட்களில் நாய் குழப்படி செய்தால் அதைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. அதன் மூக்குக்கு எட்டும் உயரத்தில் நாங்கள் எதை வைக்கிறோம் என்பதுதான் விஷயம். எங்கள் வீட்டில் ஒரு லாப்ரடோரும் ஒரு பீகிளும் இருக்கின்றன. சாப்பாட்டு ஆசையில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. அவற்றோடு பண்டிகை கொண்டாடிப் பழகிய கையால் எழுதும் குறிப்புகள் இவை.

1. மரத்தைக் கொண்டுவந்த அன்றே அலங்கரிக்க வேண்டாம். இரண்டொரு நாள் வெறும் மரமாகவே நிற்கட்டும். நாய் சுற்றிச் சுற்றி மணந்து பார்த்து, அதுவும் வீட்டுச் சாமான்களில் ஒன்று என்று விட்டுவிடும். ஆண் நாய் காலைத் தூக்கப் பார்க்கும். முதல் நாள் வாரில் பிடித்தபடியே மரத்தருகே விடுங்கள். மரத்தின் நடுத்தண்டில் தூண்டில் நரம்பைக் கட்டி, சுவரில் ஒரு கொக்கியில் மாட்டிவிட்டால் வால் பட்டோ பாய்ந்தோ மரம் சரியாது. அந்த நரம்பு விருந்தாளியின் கண்ணுக்கும் தெரியாது.

2. உண்மையான மரம் என்றால் அடியிலுள்ள தொட்டித் தண்ணீரை மூடிவையுங்கள். புதிதாக வெட்டிய மரம் முதல் நாளிலேயே நாலு லீற்றர் வரை உறிஞ்சும், அதனால் தண்ணீர் குறையவும் விடக்கூடாது. காய்ந்த மரம் இலகுவில் தீப்பிடிக்கும். ஆனால் தேங்கிய அந்தத் தண்ணீரில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும், சிலர் உரத்தூளும் கலப்பார்கள். தொட்டிக்கு மேல் கெட்டியான அட்டையை வட்டமாக வெட்டிப் போட்டு, அதன்மேல் மரத்துக்கான துணியைச் சுற்றிவிடுங்கள். தண்ணீர் ஊற்ற ஒரு சிறு துளை போதும்.

3. மரத்தின் கீழ்ப்பகுதியில் துணி, மரம், தடித்த காகிதம் போன்ற உடையாத அலங்காரங்கள் மட்டும். கண்ணாடி உருண்டைகள் மேலே போகட்டும். மினுமினுக்கும் ஜரிகை இழைகளை அடியோடு தவிர்ப்பதே நல்லது. விழுங்கினால் குடலில் சிக்கி, குடலைச் சுருக்கி அறுத்துவிடும். அறுவைச் சிகிச்சைதான் வழி. பரிசுகளில் கட்டும் ரிபனும் அப்படித்தான். நாயின் பின்பக்கமாக ரிபன் தொங்குவதைக் கண்டால் இழுக்காதீர்கள். உள்ளே மற்ற நுனி எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியாது. நேரே மிருக வைத்தியரிடம் போங்கள்.

4. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மாவும் உப்பும் பிசைந்து செய்துவரும் நட்சத்திரமும் தேவதையும் எல்லா வீட்டு மரத்திலும் தொங்கும். அவை பாதிக்குப் பாதி உப்பு. நாய்க்கு அது பிஸ்கட் மாதிரி மணக்கும்; ஒன்றிரண்டு தின்றாலே உப்பு நஞ்சாகிவிடலாம். பிள்ளையின் மனம் நோகாமல் அவற்றை மரத்தின் உச்சியில், நட்சத்திரத்துக்குக் கிட்டவாகத் தொங்கவிடுங்கள். அதுவே பிள்ளைக்குப் பெருமை.

5. இனி ரிச் கேக். இந்தக் குறிப்பை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ரவை, முந்திரிப்பருப்பு, பூசணி அல்வா, இஞ்சிப்பாகு எல்லாம் போட்டு, பிளம்ஸும் சுல்தானாவும் பிராந்தியில் ஊறவைத்து, துண்டு துண்டாக வெட்டிக் காகிதத்தில் சுற்றி வைக்கும் எங்கள் நத்தார் கேக், நாயைப் பொறுத்தவரை வீட்டிலேயே ஆபத்தான சாமான். பிளம்ஸும் சுல்தானாவும் உலர்ந்த திராட்சைதானே; திராட்சை, உலர்ந்ததோ பச்சையோ, நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு கணக்கும் கிடையாது. ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாத அளவு இன்னொன்றைக் கொல்லும். திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் விலங்கு நச்சு நிபுணர்கள் 2021-இல் சுட்டிக்காட்டினார்கள். அதே அமிலம் புளியிலும் நிறைய உண்டு. ஆகவே புளி கரைத்த சக்கையையும் புளிச்சட்னியையும் நாய்க்கு எட்டாமல் வையுங்கள். கேக் ரின் மூடி இறுக்கமாக, குசினியில் மேல் தட்டில். மேசையில் தட்டில் பரப்பி வைத்துவிட்டு எல்லோரும் படம் எடுக்கப் போகும் அந்த ஐந்து நிமிடம்தான் நாய்க்கு வாய்க்கும். காகிதத்தோடு சேர்த்தே விழுங்கும்.

6. சொக்லேட் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதுதான் பதறும் நேரத்தில் தேவைப்படும் கணக்கு. அதிலுள்ள தியோபுரோமின் நாயின் உடலைவிட்டு மெதுவாகத்தான் வெளியேறும். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு சுமார் 20 மில்லிகிராம் போனால் வாந்தி, வயிற்றோட்டம், பரபரப்பு தொடங்கலாம். 40-ஐத் தாண்டினால் இதயம் தாளம் தப்பும். 60-இல் வலிப்பு வரலாம். பால் சொக்லேட்டில் கிராமுக்கு சுமார் 2 மில்லிகிராம், கறுப்புச் சொக்லேட்டில் சுமார் 5, கேக்குக்குப் போடும் இனிப்பில்லாத சொக்லேட்டில் 14 அளவில். பத்துக் கிலோ நாய்க்கு பால் சொக்லேட் 100 கிராமில் செய்வதை, பேக்கிங் சொக்லேட் 15 கிராமில் செய்துவிடும். எனவே உறையை எறியாதீர்கள். எந்த வகை, எத்தனை கிராம் என்று வைத்தியர் முதலில் அதைத்தான் கேட்பார்.

7. சீனி இல்லாத சூயிங்கத்தில் சைலிட்டோல் இருக்கும். நாயின் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போதும், இரத்தத்தில் சீனி சடாரென்று இறங்க. கூடுதலானால் ஈரலைத் தாக்கும். இது எங்கே இருக்கும் தெரியுமா? விருந்தாளிகளின் கைப்பைகளில். வலி மாத்திரைகளும் அங்கேதான். வருபவர்களின் பைகளையும் கோட்டுகளையும் வாங்கி ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்துவது மரியாதையும் ஆச்சு, பாதுகாப்பும் ஆச்சு.

8. வான்கோழியோ, ஆட்டிறைச்சிக் கறியோ, சமைத்த எலும்பு வேண்டவே வேண்டாம். சூட்டில் வெந்த எலும்பு கடிக்கும்போது ஊசிபோலப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். கொழுப்பான தோல் கணையத்தை வீங்கச் செய்யும். எங்கள் கறிகளில் வெங்காயமும் உள்ளியும் இல்லாதது எது? அவை நாயின் சிவப்பணுக்களை அழிப்பவை. விருந்து முடிந்ததும் எலும்புகளைப் பையில் கட்டிக் குப்பை எடுக்கும் நாள் வரை உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். குசினிக்குள் மணமும் இல்லை. நாய்க்கும் எட்டாது, ரக்கூனுக்கும் எட்டாது.

9. அம்மம்மாவிடமும் மாமாவிடமும் நாய்க்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வெல்ல முடியாது. கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கும் உயிருக்கு ஒரு வாய் கொடுப்பது எங்கள் ஆட்களின் இயல்பு; அது நல்ல இயல்புதான். அதைத் தடுக்காமல், உப்பும் தூளும் போடாமல் அவித்த கோழி இறைச்சி, கரட் துண்டுகள், கொஞ்சம் அவித்த பூசணி எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டு மேசையில் வையுங்கள். "நாய்க்கு இதிலிருந்து குடுங்கோ மாமா" என்றால் அவருக்கும் சந்தோஷம். அன்றைய வழக்கமான சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துவிடலாம்.

10. நாய்க்குப் பயப்படும் பெரியவர்களும் வருவார்கள். ஊரில் கடிவாங்கிய பயம் லேசில் போகாது. "அது ஒன்றும் செய்யாது" என்று சொல்வதால் அது போகவும் போகாது. வாசல் மணி அடிக்கும் நேரத்தில் நாயை வாரில் பிடித்திருங்கள். ஆட்கள் கூடியபின், சத்தம் குறைந்த ஓர் அறையில் அதன் படுக்கை, தண்ணீர், கடிக்க ஒரு பொம்மை வைத்து விடுங்கள். அங்கே சின்னப் பிள்ளைகள் போகக்கூடாது என்பது வீட்டுச் சட்டமாக இருக்கட்டும். வாசல் கதவு அடிக்கடி திறக்கும் நாள் என்பதால் கழுத்துப்பட்டியில் தொலைபேசி எண் இருக்கிறதா, மைக்ரோசிப்பில் இப்போதைய முகவரி இருக்கிறதா என்று முந்திய வாரமே பார்த்துவிடுங்கள்.

11. வாசலில் குவியும் சப்பாத்துகளைக் கவனியுங்கள். பனியில் வந்த பூட்ஸிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்து தட்டில் தேங்கும். நாய் அதைத்தான் முதலில் நக்கும். தட்டில் பழைய துவாய் ஒன்றை விரித்து, நனைய நனைய மாற்றுங்கள்.

12. விருந்துக்கு முன் நாயைக் களைக்க வையுங்கள். நடக்கக் கூட்டிப்போக நேரமில்லையா? பின்வளவில் புதுப்பனி விழுந்த இடத்தில் அதன் சாப்பாட்டை ஒரு பிடி வீசிவிட்டு "தேடு" என்று விடுங்கள். எங்கள் பீகிள் மூக்கைப் பனிக்குள் புதைத்து, தும்மித் தும்மி, காதெல்லாம் வெள்ளையாக ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கும். இருபது நிமிடம் மூக்கால் வேலை செய்த நாய் உள்ளே வந்து தூங்கும். தூங்கும் நாய் மேசைக்குப் பக்கத்தில் வராது. இதற்குச் செலவே இல்லை, இந்தப் பட்டியலில் எனக்கு அதிகம் பலித்ததும் இதுதான்.

13. நாயின் பாதங்களுக்குப் பனி இரண்டு வகையில் தொல்லை. ஒன்று, விரல்களுக்கிடையே உள்ள மயிரில் பனி உருண்டு கட்டியாகி, கல்லில் நடப்பது போல நொண்ட வைக்கும். அந்த மயிரைப் பாதத்தின் மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். மற்றது, வீதியிலும் நடைபாதையிலும் கொட்டும் உப்பு. அதில் கல்சியம் குளோரைட்டு கலந்திருந்தால் ஈரம் பட்டதும் சூடாகித் தோலை எரிக்கும். வாசலடியில் ஒரு வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்து, உள்ளே வந்ததும் நாலு காலையும் முக்கி எடுத்து, விரலிடுக்கு வரை துடையுங்கள். நக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. வெளியே போகுமுன் பாத மெழுகு பூசலாம். பூட்ஸ் போட ஒத்துக்கொள்ளும் நாய் என்றால் இன்னும் நல்லது. உங்கள் சொந்த வாசற்படிக்கு உப்புக்குப் பதில் மணல் தூவினாலும் வழுக்காது.

14. குறைந்த மயிருள்ள நாய், குட்டி, வயதானது ஆகியவற்றுக்கு மறை 7 பாகைக்குக் கீழே கோட்டு வேண்டும், நடையும் குறுக வேண்டும். ஹஸ்கிக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டல்ல. ஒரு காலைத் தூக்கித் தூக்கி நிற்பது, நடுங்குவது, வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பது எல்லாம் "போதும்" என்று நாய் சொல்லும் முறை. டிசம்பர் கடைசியில் ரொறொன்ரோவில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஒளி தெறிக்கும் பட்டி கட்டுங்கள். உறைந்த குளத்தின் மேல் நாயை விடவே வேண்டாம்.

15. பின்வளவு வேலியோரம் பனியை வழித்துக் குவிக்காதீர்கள். இரண்டு புயலுக்குள் அந்தக் குவியல் இறுகிப் படிக்கட்டாகிவிடும். நாய் ஏறி நடந்தே வேலியைத் தாண்டிவிடும்.

16. கராஜில் கார் அன்ரிபிரீஸ் சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எதிலீன் கிளைகோல் இனிக்கும், அதனால் நாய் விரும்பி நக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுக்கும், மாற்று மருந்தும் முதல் சில மணி நேரத்துக்குள்தான் வேலை செய்யும்.

17. 2013 டிசம்பர் 21, 22-இல் பெய்த உறைமழையில் ரொறொன்ரோவில் சுமார் மூன்று லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. நத்தார் தினத்திலும் பல வீடுகள் இருளில் இருந்தன. உங்கள் அவசரப் பெட்டியில் நாயின் சாப்பாடு ஒரு கிழமைக்கு, அதன் மருந்து, ஒரு பழைய கம்பளி ஆகியவற்றையும் சேர்த்துவிடுங்கள். வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டு ஆட்களையும் நாயையும் ஒன்றாகக் கொல்லும்.

18. நாய்க்குட்டியை நத்தார் பரிசாகக் கொண்டுவராதீர்கள். கூட்டமும் இரைச்சலும் நிறைந்த நாளில் தாயைப் பிரிந்த குட்டிக்கு அது கொடுமை. பனிக்குள் நின்று வெளிக்குப் போகப் பழக்குவதும் பெரும்பாடு. பிள்ளைக்கு ஒரு வாரும் கிண்ணமும் சுற்றிக் கொடுங்கள். வீடு அடங்கியபின் குட்டியைப் பிள்ளையோடு போய்க் கூட்டி வாருங்கள்.

19. டிசம்பர் 25-இல் பெரும்பாலான மிருக வைத்தியசாலைகள் பூட்டியிருக்கும். உங்கள் வீட்டிலிருந்து கிட்டவுள்ள, 24 மணி நேரமும் திறந்திருக்கும் அவசர வைத்தியசாலையின் பெயர், முகவரி, எண் மூன்றையும் இப்போதே தேடி எடுங்கள். நஞ்சு பற்றிக் கேட்க, பெட் பொய்சன் ஹெல்ப்லைன் கனடாவிலும் அமெரிக்காவிலும் எந்த நேரமும் பதில் சொல்லும்: 1-855-764-7661. கட்டணம் உண்டு. அவர்கள் சொல்லாமல் நாயை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சில பொருட்கள் திரும்பி வரும்போது இன்னும் கெடுதல் செய்யும். இந்த எண்களோடு நாயின் எடையையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கும் தெரியும்படி இன்றிரவே பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.