தொலைந்த ரொட்டி

அன்புள்ள கயல்,

முந்தாநாள் வாங்கிய பாகெட் ரொட்டி கல்லாகிவிட்டது, பாதியைக் குப்பையில் போட்டேன் என்று போனில் சொன்னாய். இனிமேல் போடாதே. நீ படிக்கப் போயிருக்கும் பிரான்சிலேயே அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். பெயர் 'பேன் பெர்டு'. அதாவது, தொலைந்த ரொட்டி. நம்மூரில் நீ கேட்டுக் கேட்டுத் தின்ற பாம்பே டோஸ்ட்டும் இந்த வகைதான். அது இனிப்பு, நான் சொல்லப்போவது காரசாரமாக, சீஸ் போட்டது.

'பாரம்பரிய பாகெட்' என்று சொல்லி விற்கும் ரொட்டியில் பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்கக் கூடாதென்று 1993-இல் அங்கே அரசாணை போட்டார்கள். எண்ணெயும் வெண்ணெயும்கூட அதில் கிடையாது. அதனால்தான் மறுநாளே விறைக்கிறது. விறைப்பது என்பது ஆறிய மாவுச்சத்து மெல்ல இறுகுவதுதான். ஃப்ரிட்ஜில் வைத்த சோறு விறைப்பதும் இப்படித்தான். ஆகவே ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்காதே, இன்னும் சீக்கிரம் இறுகும்.

அந்த இறுக்கம்தான் நமக்கு வேண்டியது. முதல்முறை நான் அன்று வாங்கிய மெத்தென்ற ரொட்டியில் செய்தேன். பாலில் நனைத்ததும் கூழாகிக் கையோடு வந்தது. பழைய ரொட்டியோ பாலைக் குடித்துவிட்டு, உருக்குலையாமல் நிற்கும்.

நான்கைந்து துண்டுகள், ஒவ்வொன்றும் 2 செ.மீ. கனத்தில், சாய்வாக வெட்டிக்கொள். 2 முட்டையை 120 மி.லி. பாலோடு அடி. மிளகுத்தூள் கொஞ்சம் போடு. பொடியாக நறுக்கிய பார்ஸ்லி, வெங்காயத்தாளைவிட மெல்லிசாக இருக்கும் சைவ்ஸ் இரண்டும் சேர்த்து 2 மேசைக்கரண்டி போடு. உப்பு ஒரு சிட்டிகை போதும். சீஸிலேயே உப்பு இருக்கிறது. ரொட்டித் துண்டுகள் இந்தக் கலவையில் பக்கத்துக்கு 2 நிமிடம் ஊறட்டும். நடுவில் விரலால் அழுத்திப் பார். கெட்டியாகத் தட்டுப்பட்டால் இன்னும் கொஞ்சம் ஊற வேண்டும்.

வாணலியில் வெண்ணெயோடு சில சொட்டு எண்ணெய் விடு. வெண்ணெய் நுரைத்து அடங்கியதும் துண்டுகளை வை. அடுப்பு மிதமாகவே இருக்கட்டும். அவசரப்பட்டுக் கூட்டினால் வெளியே கருகும், உள்ளே முட்டை பச்சையாக வழியும். 3 நிமிடத்தில் அடிப்பக்கம் பொன்னிறமாகும். திருப்பிப் போட்ட பிறகுதான் துருவிய க்ரூயேர் சீஸ், 40 கிராம் அளவுக்கு, மேலே தூவ வேண்டும். முன்பே தூவினால் சீஸ் வாணலியில் ஒட்டிக் கசந்துவிடும். மூடிபோட்டு இன்னொரு 3 நிமிடம். ஆவியில் சீஸ் உருகும், நடுவும் வெந்துவிடும். கத்தி நுனியால் குத்திப் பார்த்து, ஈரமாக எதுவும் ஒட்டவில்லையென்றால் இறக்கு.

தக்காளித் துண்டோடு சூடாகச் சாப்பிடு. மிஞ்சிய இட்லி உப்புமாவாவதை நம் வீட்டில் யாரும் குறையாக நினைத்ததில்லை, இதுவும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போகும்போது ஒரு பாகெட் கூடுதலாகவே வாங்கு. அது ஞாயிறு காலைக்கு.

அன்புடன்,
அத்தை