கபுரும் தப்தரும்

மனிதர் ஒருவரையொருவர் அறிந்து கொள்ளும் பொருட்டே கூட்டங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டனர் என்பது திருமறை காட்டும் உண்மை. உறவினரோடு இணங்கி வாழ்வதற்கு வேண்டிய அளவு வம்சத்தைத் தெரிந்து கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அறிவுறுத்தியிருக்கிறார்கள். குலப்பெருமை பேசுவதற்காக அன்று. உறவைப் பேணுவதற்கும், உரியவருக்கு உரியதைச் சேர்ப்பதற்குமே இவ்வறிவு வேண்டும்.

பினாங்குவாசிகளாகிய நமக்கு இது மிகவும் அவசியம். 1786ல் கும்பெனியார் இத்தீவில் குடியேற்றம் அமைத்த காலந்தொட்டு, நாகூர், காரைக்கால், கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்தும், பிற்காலத்தில் கடையநல்லூர், தென்காசிப் பக்கங்களிலிருந்தும் நம்மவர் பெரும்பாலும் தனியாட்களாகவே வந்தனர். ஊரில் ஒரு குடும்பமும் இங்கே ஒரு குடும்பமுமாக வாழ்ந்தோர் பலர். அந்நாளில் கப்பல் இரு கரையையும் இணைத்தது. ராஜுலா 1973ல் ஓய்ந்தது. அதன்பின் ஓடிய சிதம்பரம் கப்பல் 1984ல் தீக்கிரையானது. கப்பலோடு பல குடும்பங்களின் போக்குவரத்தும் நின்றது. இன்று பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியார்.

இதனால் வரும் கேடு என்ன? ஒருவர் மவுத்தானால், பிள்ளைகள் உள்ள நிலையில், அவருடைய மனைவியர் இருவருக்கும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு. பிள்ளைகள் எந்தத் தாய் வயிற்றில் பிறந்திருந்தாலும் வாரிசுகளே. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில் மீதியைப் பெறுவர். இக்கரைப் பிள்ளைகளை மறந்து அக்கரையார் ஊர்ச் சொத்தைப் பிரித்தாலும், அக்கரைப் பிள்ளைகளை மறந்து இக்கரையார் கடையைப் பிரித்தாலும், அது பிறர் ஹக்கை உண்பதாகும். தெரியாமல் நேர்ந்ததற்கு மன்னிப்பு உண்டு. தெரிந்துகொள்ள வழியிருந்தும் தேடாதிருப்பதற்குச் சமாதானம் சொல்ல இயலாது. ஒரு தகப்பன் வழி வந்தோர் அறியாமல் விலக்கப்பட்ட உறவில் மணம் முடிக்கும் ஆபத்தும் உண்டு.

இனி, தேடும் முறையைப் பார்ப்போம்.

முதலாவது, இங்குள்ள தடயங்கள். கபுருஸ்தானில் எல்லாக் கபுருக்கும் எழுத்துள்ள மீசான் கல் இராது. மார்க்கம் விரும்பும் எளிமையின்படி பெயரில்லாக் கல்லே பெரும்பான்மை. 1801ல் பள்ளிவாசலுக்கு நிலம் பெற்ற கப்பித்தான் காதர் முகைதீன் அவர்களின் அடக்கத்தலம் கம்போங் கோலத்திலும், நூர்தீன் குடும்பத்தாரின் அடக்கத்தலம் சூலியா வீதியிலும் இன்றும் காணக் கிடக்கின்றன. சாதாரணக் கடைச் சிப்பந்திக்கு அத்தகைய கட்டடம் ஏது? அவருக்கு மரணப் பதிவும், காஜியாரின் நிக்காஹ் பதிவுமே சாட்சி. நீரிணைக் குடியேற்றங்களில் முஸ்லிம் விவாகங்களைப் பதிவதற்கு 1880லேயே சட்டம் ஏற்பட்டது. பழைய பாஸ்போர்ட்டு, கடைக் கணக்குப் புத்தகம், ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றையும் எறிந்துவிடாதீர்கள். ஊர்ப் பெயர் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும்.

இரண்டாவது, ஊரிலுள்ள தடயங்கள். ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரே இவற்றில் தலையாயது. மாப்பிள்ளையின் தகப்பனார், பெண்ணின் தகப்பனார், வலீ, மஹர்த்தொகை, சாட்சிகள் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். மீசான் கல்லில் காணப்படாத பெண்மக்களின் பெயர் தப்தரில் காணப்படும். அடுத்தது தலைக்கட்டு வரிப் புத்தகம். எந்தத் தெருவில் எந்தக் குடும்பம் இருந்ததென்று அது சொல்லும். பள்ளிவாசல் சுவரில் பதித்த உபயக் கல்லையும் பாருங்கள். பினாங்கிலிருந்து பணம் அனுப்பியோர் பெயர் அங்கே இருக்கக்கூடும். கிராமங்களில் பிறப்பு இறப்புக் கணக்கை முன்பு கிராம முன்சீப் எழுதிவந்தார். தமிழ்நாட்டில் அப்பதவி 1980ல் ஒழிக்கப்பட்டது. பழைய ஏடுகளைக் குறித்து வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும்.

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் ஒரு விசேஷம் உண்டு. அங்கே வீடு பெண்மக்களுக்குக் கொடுக்கப்படுவது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வார். ஆகவே "அப்பா வழிப் பாட்டனார் வீடு எது?" என்று கேட்டுத் திகைப்பதைவிட, பாட்டியாரின் பெயரையும் பாட்டனாருடைய சகோதரிமாரின் பெயரையும் சொல்லிக் கேட்பதே பயன் தரும்.

மூன்றாவது, வருஷத்தை ஒப்பிடுதல். மீசான் கல்லில் ஹிஜ்ரி இருக்கும். பழைய பத்திரத்தில் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். திருநெல்வேலிச் சீமையில் கொல்லம் ஆண்டும் வரும். உதாரணமாக, ஹிஜ்ரி 1318 என்பது 1900 மே மாதம் தொடங்கியது. தமிழ் வருஷம் சார்வரியும் 1900 ஏப்ரலில் பிறந்தது. கொல்லம் 1076 அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆனால் சார்வரி அறுபதாண்டுக்கு ஒருமுறை, 1960லும் 2020லும் திரும்ப வந்தது. வருஷப் பெயரை மட்டும் நம்பினால் பாட்டனாரும் பேரனும் ஒருவராகிவிடுவர்.

நான்காவது, பெயர் மயக்கம். முகைதீன் என்பவரே ஓர் ஏட்டில் மொய்தீன், மற்றோர் ஏட்டில் மைதீன். மரைக்காயர் இங்கே மெரிக்கன் ஆனார். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் நமக்குண்டு. வியாபாரிகள் நாள்வழியில் கண்டதைப் பேரேட்டோடு சரிபார்க்காமல் கணக்கை முடிப்பதில்லை. அதுபோலவே, இக்கரைச் சாட்சி ஒன்றும் அக்கரைச் சாட்சி ஒன்றும், தகப்பனார் பெயர், ஊர், காலம் மூன்றிலும் ஒத்துவந்தாலன்றி உறவென்று முடிவு செய்யாதீர்கள். பெயர் ஒன்றை மட்டும் காட்டிப் பங்கு கேட்பதும் கூடாது. அதை மட்டும் சொல்லிப் பங்கை மறுப்பதும் கூடாது.

ஒழுங்கும் முக்கியம். கபுருஸ்தானில் ஸலாம் சொல்லி நுழையுங்கள், கபுரை மிதியாதீர்கள். தப்தரை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கேளாதீர்கள். ஜமாஅத்தார் முன்னிலையில் நகல் எழுதி, ஜமாஅத்தின் முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.

சகோதரர்களே! வீட்டில் வயது முதிர்ந்தோர் இருக்கும்போதே அவர்களிடம் அமர்ந்து, தகப்பனார் பெயர், தாயார் பெயர், தாயாரின் தகப்பனார் பெயர், ஊர், தெரு, பள்ளிவாசல், வந்த வருஷம் ஆகிய ஏழையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஏடு செல்லரித்தாலும் நகல் கிடைக்கலாம். பெரியவர் நினைவுக்கு நகல் இல்லை. பிரிந்த உறவைச் சேர்க்கவும், உரியவர் ஹக்கை ஒப்படைக்கவும் வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்பீக் அருள்வானாக! ஆமீன்.