தாய்ப்பூனை தள்ளிய குட்டி: காப்பாற்றுவதும் திரும்பச் சேர்ப்பதும்



பூனை இல்லாத லயம் நமது தோட்டங்களில் அபூர்வம். அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தையும் எலியிடமிருந்து காப்பது அதுதான். அந்தப் பூனை விறகு அடுக்குக்குப் பின்னாலோ, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பழைய கம்பளியிலோ குட்டி போடும். மூன்று குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் தள்ளிக் கிடந்து கத்தும். "இத தாய் சேக்கல, இனி பொழைக்காது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் அழுவார்கள். அந்தக் குட்டியைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் தேயிலை மலையோரத்தில் விட்டுவிடும் வீடுகளும் உண்டு.

இப்படித் தள்ளப்படும் குட்டிகளில் பிழைக்கக் கூடியவை பல. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாம் கையில் எடுத்து வளர்ப்பது நம்மோடு வைத்துக்கொள்வதற்காக அல்ல, தாயிடம் திருப்பிச் சேர்ப்பதற்காக. புருசனும் பெண்சாதியும் காலையில் பிரட்டுக்குப் போகிற வீட்டில், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்க யாரால் முடியும்? அந்த வேலையைத் தாய்ப்பூனை சம்பளமில்லாமல் செய்யும். அது செய்யத் தொடங்கும் வரைக்கும் குட்டியை உயிரோடு வைத்திருப்பதே நம் பங்கு.

உண்மையிலேயே தள்ளிவிட்டதா?

குட்டி கத்துகிறது என்றதும் தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். பால் கொடுக்கும் பூனைக்கு மற்ற நாட்களை விட இரண்டு மூன்று மடங்கு தீனி வேண்டும். நாம் ஒரு பிடி சோற்றோடு நிறுத்திக்கொண்டால் அது எலி தேடி ஸ்டோர் பக்கம் வரைக்கும் போகும். வர நேரமாகும்.

"பூன குட்டிய ஏழு வீடு மாத்தும்" என்று பாட்டிமார் சொல்வது வெறும் பேச்சல்ல. ஏழு என்ற கணக்கு கிடக்கட்டும், இடம் மாற்றுவது உண்மை. ஆள் நடமாட்டம், கடுவன் பூனையின் தொல்லை, கூட்டில் ஏறும் மணம் என்று அதற்குக் காரணங்கள் உண்டு. வாயில் கவ்வி ஒவ்வொன்றாகத்தான் கொண்டுபோகும். மூன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நான்காவதை எடுக்க வருவதற்குள் நாம் போய், "ஐயோ, விட்டுட்டுப் போயிருச்சே" என்று தூக்கி வந்துவிட்டால், பிரித்தது தாயல்ல, நாம். ஆகவே தள்ளி நின்று பாருங்கள். குட்டியின் உடம்பு சூடாக, வயிறு உருண்டையாக இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் பொறுக்கலாம். சில்லிட்டிருந்தால் ஒரு நிமிடமும் பொறுக்கக் கூடாது.

"மனுசக் கை பட்டா தாய் சேக்காது" என்பதையும் எல்லா லயத்திலும் கேட்கிறோம். வீட்டோடு பழகிய பூனைக்கு இது பொருந்தாது. நம் கையின் மணம் அதற்குத் தெரிந்த மணம்தான். நிமிடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகள் டோர்ச் அடித்துக் கூட்டைப் பார்ப்பதுதான் அதற்குத் தொந்தரவு.

உண்மையாகவே தள்ளுகிற தாயும் உண்டு. தலைப்பிரசவம் ஆன பூனைக்குச் சில நேரம் என்ன செய்வதென்று தெரியாது. முலை வீங்கிச் சூடேறியிருந்தால் வலி தாங்காமல் குட்டிகளை உதறும். இதைக் கால்நடை வைத்தியர் பார்க்க வேண்டும். குட்டியின் வாயைத் திறந்து மேலண்ணத்தையும் பாருங்கள். அதில் பிளவு இருந்தால் குடிக்கும் பால் மூக்கால் வரும். அதற்கும் வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

ஆனால் நம் மலைநாட்டில் முக்கியமான காரணம் குளிர். கூட்டிலிருந்து உருண்டு சிமெந்துத் தரையில் விழுந்த குட்டி சில்லிட்டுப் போகும். சில்லிட்ட குட்டிக்கு உறிஞ்சத் தெம்பில்லை. உறிஞ்சாத, சூடில்லாத குட்டியைத் தாய் சாகப்போகிற குட்டி என்று ஒதுக்கும். ஒதுக்கியதால் அது இன்னும் சில்லிடும். இந்தச் சுற்றை உடைக்கப் பெரிய மருந்து எதுவும் தேவையில்லை, சூடு போதும்.

முதலில் சூடு, பிறகுதான் பால்

நமக்குக் குளிர்ந்தால் நடுங்குகிறோம், நடுக்கத்தில் உடம்பு சூடாகிறது. பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் நடுங்கவும் வராது. அதைச் சுற்றி 30 பாகை செல்சியஸ் அளவு சூடு இருக்க வேண்டும். நுவரெலியாவின் வருடச் சராசரியே சுமார் 16 பாகைதான். மற்றதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் குட்டியைத் துவாயில் சுற்றி உங்கள் நெஞ்சோடு, சட்டைக்குள்ளே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சப்பாத்துப் பெட்டியில் பழந்துணி போட்டு, சுடுதண்ணி நிரப்பிய போத்தலை மேஸ் ஒன்றுக்குள் விட்டு ஒரு பக்கமாக வையுங்கள். மறுபக்கம் சும்மா இருக்கட்டும். சூடு கூடினால் குட்டி ஊர்ந்து விலக இடம் வேண்டும். தண்ணி ஆறியதும் மாற்றுங்கள், ஆறிய போத்தல் குட்டியின் சூட்டையும் இழுத்துவிடும். அடுப்புக் கரையில் வைப்பது நல்லதல்ல. ஒரு பக்கம் வேகும், புகை நெஞ்சைக் கட்டும். ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ எடுத்து மெல்லத்தான் சூடேற்ற வேண்டும்.

சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்கு இரக்கப்பட்டுப் பால் ஊற்றுவதுதான் எல்லாரும் செய்வது. அந்த நிலையில் அதன் குடல் வேலை செய்யாது, பால் வயிற்றிலேயே கெட்டுப்போகும். மிகவும் துவண்டிருந்தால் சீனித் தண்ணி ஒரு துளியை விரலில் தொட்டு ஈறில் தடவலாம். வாயும் காலும் சூடாகி, குட்டி தலையை ஆட்டித் தேடத் தொடங்கிய பிறகே பால்.

என்ன பால், எவ்வளவு?

பூனைப்பாலில் பசுப்பாலை விட இரண்டு மடங்குக்கு மேல் புரதம் இருக்கிறது. வெறும் பசுப்பால் குட்டியின் பசியை அடக்கும், ஆனால் வளர்க்காது. வயிற்றாலும் போகும். டின்பால், தேத்தண்ணிப் பால் கூடவே கூடாது. பூனைக்குட்டிக்கென்றே பால்மா உண்டு. டவுனுக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் கால்நடை மருந்துக் கடையில் விசாரித்து வருவார்கள். அது வரும்வரை ஓரிரு நாள் சமாளிக்க, ஆடை எடுக்காத பால் அரைக் கோப்பையில் ஒரு முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் அடித்து வடித்துக் கொடுக்கலாம். கைச்சூட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

பிறந்த குட்டி ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 20 மில்லிலீற்றர் பால் வேண்டும். ஒரே தடவையில் 4 மில்லிலீற்றருக்கு மேல் அதன் வயிறு பிடிக்காது. முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரண்டாம் வாரத்தில் மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. பாமசியில் வாங்கும் சிறிய சிரிஞ்சில் ஊசியைக் கழற்றிவிட்டுச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். கைப்பிள்ளைக்குப் போல மல்லாத்திப் பிடித்துக் கொடுத்தால் பால் நெஞ்சுக்குள் இறங்கி ஒரே நாளில் குட்டி போய்விடும். தாயிடம் குடிப்பது போலவே குப்புறக் கிடந்து, தலை மட்டும் கொஞ்சம் நிமிர்ந்திருக்க வேண்டும்.

பால் கொடுத்து முடிந்ததும் வேலை முடியவில்லை. மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாக மூத்திரம் மலம் போக வராது. தாய் நக்கிவிடுவது அதற்காகத்தான். வெதுவெதுப்பான தண்ணியில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் தடவிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டு, "நல்லாத்தானே பால் குடிச்சிச்சு" என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

கடைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஏற்ற வேலை இது. ஒரு நாளைக்கு 10 கிராம் அளவில் கூட வேண்டும். குறைந்தால் வைத்தியரைப் பாருங்கள்.

திரும்பச் சேர்க்கும் வேலை

இது குட்டியைத் தூக்கிய அன்றே தொடங்க வேண்டும், வளர்த்து முடித்த பிறகு அல்ல. பூனைக்குக் குடும்பம் என்றால் மணம். பெட்டியைத் தாய் இருக்கும் அதே காம்பராவில் வையுங்கள். தாய் படுத்த கம்பளியில் ஒரு துண்டைக் கிழித்துப் பெட்டியில் போடுங்கள். குட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது, பவுடர் போடுவது எதுவும் வேண்டாம். நல்லது நடக்கட்டும் என்று திருநீறு பூசுவதைக்கூட இந்தக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கலாம்.

தாய் வெளியே போன நேரத்தில் குட்டியை அதன் கூடப்பிறந்தவற்றின் நடுவில் கால் மணித்தியாலம் விட்டுவையுங்கள். உடம்போடு உடம்பு உரசி ஒரே மணமாகிவிடும். பிறகு தாய்க்கு வயிறு நிறைய மீன் தலையும் சோறும் போடுங்கள். அது சாய்ந்து படுத்து, கண்ணை அரைவாசி மூடிப் பால் கொடுக்கும் நேரம்தான் நல்ல நேரம். குட்டியை நன்றாகச் சூடாக்கி, அரைப்பசியோடு, தாயின் முகத்துக்கு முன்னால் நீட்டாமல் பின்பக்கமாக ஒரு காம்பில் கொண்டுபோய் விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள்.

தாய் மோந்து பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் பாதி வெற்றி. நக்கத் தொடங்கினால், அதிலும் குட்டியின் பின்பக்கத்தை நக்கினால், சேர்த்துக்கொண்டது என்றே அர்த்தம். சீறினால் எடுத்துவிட்டு சில மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். அடித்தால், கடித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் ஒரு லயத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். பென்சன் எடுத்த ஒரு பாட்டி, பிறந்து மூன்றாம் நாள் தள்ளப்பட்ட குட்டியை மடியில் வைத்துக் காப்பாற்றினார். பகலில் அவர் பால் கொடுப்பார், இரவில் மகள் எழும்புவாள். முதல் இரண்டு நாளும் தாய் சீறியது. "நம்மளே வளத்துருவோமே அம்மாயி" என்று பேரப்பிள்ளைகள் கெஞ்சினார்கள். பாட்டி சம்மதிக்கவில்லை. "தாய்கிட்ட இருந்தாத்தான்டா அது பூனையா வளரும். நம்மகிட்டயே கெடந்தா அதுக்குக் கடிக்கவும் தெரியாது, கடிக்காம இருக்கவும் தெரியாது" என்றார். அவர் சொன்னது சரியான பேச்சு. கூடப்பிறந்தவற்றோடு புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி படிக்கிறது. தனியே வளர்ந்தது பெரிதானபின் நம் பிள்ளைகளின் கையைத்தான் பதம் பார்க்கும். ஐந்தாம் நாள் காலையில் தாய் அந்தக் குட்டியை நக்கியது.

ஆனால் பாட்டி அதோடு விடவில்லை, நாமும் விடக் கூடாது. மற்றக் குட்டிகள் அதற்குள் கொழுத்திருக்கும், சின்னதை இடித்துத் தள்ளும். பெரிய இரண்டைச் சூட்டுப் பெட்டியில் இருபது நிமிடம் வைத்துவிட்டு, சின்னதைத் தனியே குடிக்க விட வேண்டும். நிறை ஒழுங்காகக் கூடும்வரை இடையிடையே நாமும் பால் கொடுக்க வேண்டும்.

தாய் செத்துவிட்டதா, ஒரேயடியாக மறுக்கிறதா? மேல் லயத்திலோ கீழ் லயத்திலோ அண்மையில் குட்டி போட்ட பூனை இருக்கிறதா என்று விசாரியுங்கள். குட்டிகளின் வயது ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் வேறு தாய்கூடப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும். முறை இதேதான். நாலு கிழமை தாண்டிய குட்டி என்றால் அது மசித்த மீனும் சோறும் தின்னத் தொடங்கிவிடும். அந்த வயதில் பாலுக்காக அல்ல, கூட்டத்துக்காகச் சேர்க்கிறோம். பக்கத்தில் பக்கத்தில் தட்டு வைத்துத் தீனி போட்டு, சில நாள் சீறலைப் பொறுத்துக்கொண்டால் போதும்.

வீட்டாரின் பாதுகாப்பு

குட்டியைத் தொட்டபின் எல்லாரும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பூனை மலத்தைக் கர்ப்பிணிகள் அள்ளக் கூடாது. அதிலுள்ள கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். மற்றவர்கள் தினமும் அள்ளிப் புதைத்துவிடுங்கள். எங்கிருந்தோ வந்த பூனையோ குட்டியோ கடித்தால், பிறாண்டினால் காயத்தை ஓடும் தண்ணியில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் விசர் வரும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்கான ஊசி இலவசம்.

குட்டிக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு, ஒரு துண்டே போதும் கொல்ல. நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்தும் அப்படித்தான். குட்டி இருக்கும்வரை தெள்ளை நெருக்கமான பல்லுச் சீப்பால் வாரி எடுப்பதே நல்லது.

பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினைப்படும், சினைக்காலமோ இரண்டு மாதம்தான். பெண்குட்டி நாலு ஐந்து மாதத்திலேயே சினைப்படக் கூடியது. ஆகவே குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்வது பற்றிக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். போகும்போது பூனையை மூடி போட்ட கூடையில் வைத்து, மூடியைக் கயிற்றால் கட்டிக் கொண்டுபோங்கள். பஸ்ஸில் வெளியே பாய்ந்துவிட்டால் பிடிக்க முடியாது. பிள்ளை எழுதி வைத்த நிறைத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள், குட்டிகளுக்குப் பூச்சி மருந்து எவ்வளவு என்று வைத்தியர் அதைப் பார்த்துத்தான் சொல்வார்.