ஆறாவது கல்லறை

பாறைகள் சூழ்ந்த குறுகிய கணவாய் ஒன்றினுள் ஆறு குதிரைவீரர்கள் நுழைகின்றனர். அவர்கள் அமெரிக்காவின் டெக்சஸ் மாநில எல்லைப்புறத்தைக் காத்துவந்த ‘ரேஞ்சர்’ எனும் காவற்படையினர். புட்ச் கேவண்டிஷ் என்பவனின் கொள்ளைக் கூட்டத்தைத் தேடி வந்திருக்கிறார்கள். வழிகாட்ட முன்வந்தவன் கொள்ளையரிடம் விலைபோனவன் என்பது அவர்களுக்குத் தெரியாது. கணவாயின் இருபுறமும் பாறைகளுக்குப் பின்னால் துப்பாக்கிகள் காத்திருக்கின்றன. சற்று நேரத்தில் ஆறு பேரும் மண்ணில் சாய்கின்றனர்.

‘தி லோன் ரேஞ்சர்’ தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதியில் இடம்பெற்ற காட்சி இது. 1949ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் ஏபிசி நிறுவனத்தின்வழி அது கறுப்பு வெள்ளையில் ஒளியேறியது. கதை புதியதன்று. டெட்ராய்ட் நகர வானொலி நிலையம் ஒன்று 1933ஆம் ஆண்டிலேயே இந்த வீரனை நேயர்களுக்கு அறிமுகப்படுத்தியிருந்தது. அதனால்தானோ என்னவோ, தொலைக்காட்சியின் முதல் பகுதியிலும் வானொலியின் சாயல் மிகுதியாகத் தெரிகிறது. கண்ணால் காணக்கூடியவற்றையும் ஒரு குரல் விளக்கிக்கொண்டே செல்கிறது. வானொலிக் காலத்தில் ஒலித்த ரொசினியின் ‘வில்லியம் டெல்’ இசையே இங்கும் முழங்குகிறது.

வீழ்ந்த அறுவரில் ஒருவன் மட்டும் உயிர் பிழைக்கிறான். அவன் படைத்தலைவர் ரீடின் தம்பி. குற்றுயிராகக் கிடக்கும் அவனை அவ்வழியே வந்த டோன்டோ எனும் அமெரிக்கப் பூர்வகுடி இளைஞன் காண்கிறான். காயங்களுக்கு மருந்திட்டுக் காப்பாற்றுகிறான். சிறுவயதில் தன் உயிரைக் காத்த நண்பனே இவன் என்பதையும் கண்டுகொள்கிறான். மற்றவர் அனைவரும் மாண்டுவிட, தனித்து எஞ்சியவன் இவன் ஒருவனே என்று எடுத்துச் சொல்பவனும் டோன்டோதான். ‘தனித்த ரேஞ்சர்’ எனப் பொருள்படும் தொடரின் பெயர் இவ்வாறு பிறக்கிறது.

இறந்தவர்கள் ஐவர். ஆனால், அங்கு எழுப்பப்படும் கல்லறைகளோ ஆறு. அந்த ஆறாவது கல்லறையில் யாரும் இல்லை. அதைக் காணும் கேவண்டிஷ், காவலர் எவரும் தப்பவில்லை என்றே நம்புவான். உயிர் பிழைத்தவனைத் தேடி வரமாட்டான். ஆயினும், இந்தத் தந்திரத்திற்கு ஒரு விலை உண்டு. கல்லறையில் கிடப்பதாக உலகம் நம்பும் ஒருவன், இனித் தன் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாது. முகத்தையும் காட்ட இயலாது. எனவே, இறந்த அண்ணனின் மேற்சட்டையிலிருந்து துணியை வெட்டி முகமூடி செய்துகொள்கிறான். முகமூடி அணிவதற்கு முன் அவன் முகம் நமக்குத் தெளிவாகக் காட்டப்படுவதில்லை. முகமூடி என்பது கொள்ளையரின் அடையாளம். அதையே காவலன் ஒருவன் அணிந்துகொண்டதால், பின்வரும் பல கதைகளில் ஊர்மக்கள் அவனையே திருடன் எனச் சந்தேகிக்கின்றனர்.

அண்ணனைக் கொன்றவர்களைச் சுட்டுத்தள்ள அவனிடம் திறமையும் காரணமும் இருந்தன. எனினும், எவரையும் கொல்வதற்காகச் சுடுவதில்லை என்று அவன் உறுதி பூணுகிறான். குற்றவாளிகளைச் சட்டத்தின் முன் நிறுத்துவதே அவன் நோக்கமாகிறது. முதல் மூன்று பகுதிகளும் சேர்ந்து ஒரே கதையாக அமைந்தன. ‘சில்வர்’ எனும் வெள்ளைக் குதிரையும் வெள்ளித் தோட்டாக்களும் அக்கதையின் வளர்ச்சியில் வந்து சேர்ந்தவையே.

இன்று இம்முதல் பகுதியைப் பார்ப்பவருக்கு வேறொன்று உறுத்தும். நண்பனைக் கண்டுபிடித்தவன் டோன்டோ. மருத்துவம் செய்தவன் அவன். மண்ணைத் தோண்டி மாண்டவர்களை அடக்கம் செய்தவனும் அவனே. இத்தனை அறிவும் துணிவும் உள்ளவன் பேசும் ஆங்கிலம் மட்டும் நொண்டுகிறது. தமிழில் சொல்வதானால், ‘நான் போகிறேன்’ என்று கூற வேண்டிய இடத்தில் ‘என்னைப் போக’ என்பதுபோல் அவன் பேச்சு எழுதப்பட்டுள்ளது. இரண்டாம் மொழியில் பேசுபவன் இப்படித்தான் பேசுவான் என்று எழுதியவர்கள் எண்ணினார்கள் போலும்! ‘டோன்டோ’ என்னும் சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் ‘முட்டாள்’ என்ற பொருளும் உண்டு.

டோன்டோவாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் அப்படிப் பேசுபவர் அல்லர். அவர் 1912ஆம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், பூர்வகுடியினருக்கான ‘சிக்ஸ் நேஷன்ஸ்’ பகுதியில், மோஹாக் இனத்தில் பிறந்தவர். இளமையில் லக்ராஸ் விளையாட்டிலும் குத்துச்சண்டையிலும் சிறந்து விளங்கினார். நன்றாக ஆங்கிலம் பேசத் தெரிந்த அவர், கேமரா ஓடும்போது மட்டும் பிழையாகப் பேச வேண்டியிருந்தது. பூர்வகுடிப் பாத்திரங்களில் பிற இனத்தவர் முகத்தில் சாயம் பூசி நடித்த காலம் அது. ஆகவே, பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவர் வாரந்தோறும் திரையில் தோன்றியதே அன்று அரிதான வாய்ப்பு. கிடைத்த பாத்திரத்தை ஏற்பதா, அதன் பேச்சு தம் மக்களுக்கு இழுக்கு என மறுப்பதா? சில்வர்ஹீல்ஸ் ஏற்றார். லோன் ரேஞ்சராக நடித்த கிளேட்டன் மூரின் இடத்தில் இடையே சில காலம் ஜான் ஹார்ட் நடித்தார். சில்வர்ஹீல்ஸோ 1957ஆம் ஆண்டு தொடர் முடியும்வரை டோன்டோவாகவே நீடித்தார்.

அதன்பின் 1966ஆம் ஆண்டு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பூர்வகுடி இளைஞர்களுக்கான நடிப்புப் பயிலரங்கு ஒன்றைத் தொடங்கினார். ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயர் பொறித்த நட்சத்திரம் 1979இல் பதிக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் காலமானார். முகமூடி அணிந்த கிளேட்டன் மூரின் பெயர் அதே நடைபாதையில் இடம்பெற்றது 1987ஆம் ஆண்டில்தான்.