விண்டோஸ் மாறினால் கணக்கு மாறுமா?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. மொத்தக் கடை, ஜாப் ஒர்க் யூனிட், ஆடிட்டர் ஆபீஸ் என்று டாலியோ வேறு கணக்கு மென்பொருளோ ஓடுகிற இடங்களில் இதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. அந்தப் பேச்சில் தெரிகிற பயத்தில் பாதி தேவையில்லாதது. பயப்பட வேண்டியவற்றையோ யாரும் பேசக் காணோம். ஒரு கடையின் பல வருட வரவு செலவு, சர்வீஸுக்கு வந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபார்மட் அடிக்கும் அவசரத்தை நம்பி இருக்கக் கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: “விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, இனி டாலி திறக்காது.”

திறக்கும். பில் போடலாம், பிரிண்ட் எடுக்கலாம். நின்றுபோனவற்றில் முக்கியமானது பாதுகாப்புத் திருத்தங்கள். அதையும் நீட்டித்துக்கொள்ள வழி உண்டு. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருட நீட்டிப்பு இருக்கிறது. நிறுவனங்களுக்கு மூன்று வருடம் வரை கிடைக்கும். முதல் வருடம் கணினி ஒன்றுக்கு 61 டாலர், பிறகு வருடத்துக்கு வருடம் இரட்டிப்பு. நாளைக்கே கடையைச் சாத்திவிட்டு சிஸ்டம் மாற்ற வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. அடுத்த நம்பிக்கையைப் படித்துவிட்டு, இதையே சாக்காக்கி வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம்.

நம்பிக்கை: “இது கணக்கு மட்டும் போடுகிற சிஸ்டம். இதில் என்ன வைரஸ் வரப்போகிறது?”

2017 மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னக்ரை என்ற வைரஸ் பரவியது. அது நுழைய யாரும் எந்த மெயிலையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. கணினிகள் தங்களுக்குள் ஃபைல் பகிர்ந்துகொள்ளும் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகள்தான் மாட்டின. ஆதரவு முடிந்து, நீட்டிப்பும் எடுக்காத விண்டோஸில் அடுத்த ஓட்டைக்குத் திருத்தமே வராது.

தவிர, கணக்கு மட்டும் போடுகிற சிஸ்டம் என்று இன்று எதுவும் கிடையாது. இ-வே பில்லும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் அதே கணினியிலிருந்துதான் போகின்றன. 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸும் கட்டாயம். பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் டேட்டாவோடு நிற்காது. கணினியிலேயே செருகி வைத்திருக்கும் பேக்கப் பென்டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிடும். பேக்கப் எடுத்ததும் பென்டிரைவைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிற கணக்கரைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது.

நம்பிக்கை: “விண்டோஸ் 11-க்குப் புது சிஸ்டம் வாங்கியே தீர வேண்டும்.”

பாதி உண்மை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பல கணினிகளில் அந்த வசதி இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைச் செலவழியுங்கள். தகுதி இல்லாத கணினியில் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்பவர்கள் உண்டு. அப்படி ஏற்றியதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. கணக்கு வைத்திருக்கும் கணினியில் அந்தச் சோதனை வேண்டாம்.

நம்பிக்கை: “புது விண்டோஸ் போட்டதிலிருந்து பாலன்ஸே மாறிவிட்டது.”

இதைச் சொல்லாத ஊர் இல்லை. கடைக்கு வெள்ளையடித்தால் கல்லாவில் காசு குறையாது. அதுபோல விண்டோஸ் உங்கள் வவுச்சருக்குள் போய் எந்த எண்ணையும் திருத்துவதில்லை. மாறுவது, மென்பொருள் எந்த ஃபோல்டரைத் திறக்கிறது என்பதுதான். பல கணினிகளில் ஒரே கம்பெனியின் டேட்டா மூன்று நான்கு இடங்களில் கிடக்கும்: போன வருடம் பழைய பதிப்பிலிருந்து மாற்றியபோது விட்ட நகல், ஆடிட்டருக்கு அனுப்ப டெஸ்க்டாப்பில் வைத்தது, ஒரு பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பார்த்தது. மென்பொருளை மறுபடி நிறுவியதும் அது பழைய நகலைத் திறந்து காட்டும். அதில் கடைசிப் பதிவு ஆறு மாதம் முந்தையதாக இருக்கும். அதைக் கவனிக்காமல் இன்றைய பில்லை அதிலேயே போடத் தொடங்குவார்கள். ஒரு வாரம் கழித்து, ஒன்றோடொன்று சேராத இரண்டு கணக்குகள் கையில் இருக்கும்.

“டேட்டா டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது” என்று உறுதியாகச் சொல்பவர்களும் உண்டு. டாலிபிரைம் நாமாக மாற்றாவிட்டால் சி டிரைவில், பப்ளிக் ஃபோல்டருக்குள்தான் டேட்டாவை வைக்கும். ஃபார்மட் அடித்தால் முதலில் போவது சி டிரைவ். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே டேட்டா எங்கே இருக்கிறது என்பது தெரியும். அதைப் பார்த்து எழுதி வைக்க அரை நிமிடம் போதும்.

பழைய மென்பொருள்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 2007-இல் விற்பனைக்கு வந்த விஸ்டா முதல், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் சாதாரண லாகினில் எழுத விண்டோஸ் விடுவதில்லை. பழைய 32-பிட் மென்பொருள் அங்கே எழுத முயன்றால் எரர் காட்டாமல், அந்த லாகினுக்கு மட்டும் உரிய விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டரில் எழுதிவைக்கும். சாதாரணமாகப் பார்த்தால் அது கண்ணில் படாது. முதலாளி லாகினில் தெரியும் பதிவு கணக்கர் லாகினில் தெரியாமல் போவது இதனால்தான். புரோகிராம் ஃபைல்ஸை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு ஃபார்மட் அடித்தால் உண்மையான டேட்டா அந்த ஃபோல்டரோடு அழிந்துவிடும்.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றே. மாற்றுவதற்கு முன் டிரையல் பாலன்ஸ், ஸ்டாக் சம்மரி, கடைசி பில் எண், கடைசி ரசீது எண் ஆகியவற்றைப் பிரிண்ட் எடுங்கள். மாற்றியபின் அதையே மறுபடி எடுத்து, பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போன பிறகுதான் புதிய பில்.

எக்செலில் மட்டும் எண்கள் நிஜமாகவே மாறலாம். புதிதாக நிறுவிய விண்டோஸில் பெரும்பாலும் அமெரிக்க முறையே அமைந்திருக்கும். வங்கி ஸ்டேட்மென்ட் சிஎஸ்வி ஃபைலைத் திறந்தால் 05/04/2025 என்ற ஏப்ரல் 5, மே 4 ஆகிவிடும். 25/04/2025 தேதியாகவே ஏறாது, வெறும் எழுத்தாக நிற்கும். மாதத்தின் முதல் 12 நாள் பதிவுகள் மட்டும் குழம்புவதால் சட்டென்று பிடிபடாது. 12,34,567 என்பது 1,234,567 என்று தெரிந்தால் அதுவே அறிகுறி. ரீஜன் அமைப்பை இந்தியாவுக்கு மாற்றிவிட்டு ஃபைலைத் திறக்க வேண்டும்.

நம்பிக்கை: “நேற்று வரை நாலு சிஸ்டத்திலும் ஓடியது. டாலி கெட்டுவிட்டது.”

டாலிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பாஸ்வேர்டு இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஷேரை நம்பித்தான் பல ஆபீஸ்கள் ஓடுகின்றன. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, புரோ கணினிகள் அப்படிப்பட்ட விருந்தாளி இணைப்பை ஏற்பதில்லை. பகிர்வில் டிஜிட்டல் கையொப்பமும் கட்டாயமாகிவிட்டது. அது தெரியாத பழைய நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகளும் இணையாது. இணையத்தில் தேடினால் இந்தப் பாதுகாப்பை அணைக்கும் வழிதான் முதலில் கிடைக்கும். அதைச் செய்யாதீர்கள். டேட்டா இருக்கும் கணினியில் ஆளுக்கொரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உண்டாக்கிக் கொடுங்கள். ஒரு மணி நேர வேலை. யார் எப்போது உள்ளே வந்தார் என்பதும் தெரியும்.

நம்பிக்கை: “ஃபார்மட் அடித்தால் லைசென்ஸ் போச்சு.”

போகாது. ஃபார்மட்டுக்கு முன் டாலியில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு, புதிய கணினியில் சீரியல் எண்ணும் பதிவு செய்த மெயிலும் கொடுத்து மீண்டும் இயக்கலாம். அந்த மெயில் வேலையை விட்டுப் போன கணக்கருடையதாக இருந்தால்தான் அலைச்சல். முதலில் அதை மாற்றுங்கள்.

நம்பிக்கை: “பழைய வருடக் கணக்கு இனி எதற்கு?”

கம்பெனிகள் சட்டம் எட்டு நிதியாண்டுகளின் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டியில், ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். புதிய பதிப்புக்கு மாற்றிய டேட்டாவைப் பழைய பதிப்பில் திறக்க முடியாமல் போகலாம். ஆகவே மாற்றும் முன் உள்ளபடியே ஒரு நகலைத் தனியே வையுங்கள். டாஸில் ஓடும் ஃபாக்ஸ்புரோ கணக்கை இன்னும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே வருகிறது, அதில் டாஸ் புரோகிராம்கள் நேரடியாக ஓடாது. அதன் டேட்டா இருக்கும் டிபிஎஃப் ஃபைல்களை எக்செலில் திறந்து பார்க்கலாம், ரிப்போர்ட்டுகளை இப்போதே பிடிஎஃப் ஆக்கி வைக்கலாம்.

நம்பிக்கை: “என்ன ஆனாலும் ஹார்டுடிஸ்க்கைக் கழற்றி டேட்டாவை எடுத்துவிடலாம்.”

என்னை அதிகம் கவலைப்படுத்துவது இது. 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், டிஸ்க் முழுவதும் தானாகவே குறியாக்கம் ஆகிவிடும். ஹோம் பதிப்பிலும் இப்படித்தான். பிறகு மதர்போர்டு பழுதாகி டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினால், 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தார்களோ அந்தக் கணக்கில் இருக்கும். சர்வீஸ் செய்தவர் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று தன் மெயிலிலேயே நுழைந்திருந்தால், உங்கள் கடைக் கணக்கின் சாவி அவரிடம். சாவி கிடைக்காவிட்டால் எந்த ரெக்கவரி சென்டராலும் அந்த டிஸ்க்கைப் படிக்க முடியாது. உங்கள் மெயிலில் நுழைந்து, சாவியைப் பிரிண்ட் எடுத்து, பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வையுங்கள்.

சிஸ்டம் மாற்றும் நாளும் முக்கியம். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதியும் ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20-ஆம் தேதியும் கடைசி. 21-க்குப் பிறகு வைத்துக்கொண்டால் மூச்சுவிட நேரம் இருக்கும். மார்ச், ஏப்ரல் வேண்டவே வேண்டாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவரை நிறுவி, அது வேலை செய்கிறதா என்று அன்றே பாருங்கள். புதிய கணினியிலிருந்து ஒரு மாத 3பி தாக்கலாகும் வரை பழைய கணினியை ஃபார்மட் அடிக்கவோ விற்கவோ வேண்டாம்.